வலப் பக்கத்து இருபத்திரண்டு

என்னைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க என் கணவருக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்தான் பிடித்தது. அதிலும் பாதி டீ மிச்சம் இருந்தது. அதே மனிதர் ஒரு ஸ்பேனரைத் தேர்ந்தெடுக்க முடியாமல் மூன்று மாதமாகத் திண்டாடிக்கொண்டிருந்தார்.

சாதாரண ஸ்பேனர் இல்லை. டார்க் ரெஞ்ச். நட்டை எவ்வளவு முறுக்கியிருக்கிறோம் என்று அளவு சொல்லும் ஸ்பேனர். எங்கள் வீட்டில் கார் நிற்க வேண்டிய கராஜில் நாலு வருடமாக ஒரு விமானம் உருவாகிக்கொண்டிருக்கிறது. கார் வெளியே வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிற வாத்தியாருக்கு விமானம் எதற்கு என்று கேட்காதவர்கள் எங்கள் தெருவில் இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இப்போது "றெக்கை வந்துடுச்சா சார்?" என்று விசாரிக்கிறார்கள். பெட்டி பெட்டியாக வரும் பாகங்களை, கூடவே வந்த தலையணை மொத்தப் புத்தகத்தைப் பார்த்து நாமே பூட்டிக்கொள்ள வேண்டிய விமானம் அது. இரண்டு பேர் உட்காரலாம். இடப் பக்கம் அவர், வலப் பக்கம் நான்.

வலப் பக்கத்தை நான் ஒன்றும் கேட்டு வாங்கவில்லை. முதல் பெட்டியைப் பிரித்த அன்றே அவராகச் சொல்லிவிட்டார். அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. இருக்கை உருவாகி, அதில் ஏறி உட்கார்ந்தும் பார்த்த பிறகு அவ்வளவாகச் சிரிப்பு வருவதில்லை.

நான் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற லேபில் வேலை பார்க்கிறவள். எந்த மெஷினையும் எடுத்த எடுப்பில் நம்ப மாட்டேன். தினமும் காலையில், விடை தெரிந்த ஒரு திரவத்தை அதற்குக் கொடுத்து, தெரிந்த விடையையே சொல்கிறதா என்று பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் மனுஷர்களின் ரத்தம் அதற்குள் போகும். மனுஷர்களிடமும் ஏறக்குறைய இப்படித்தான் பழகுவேன். இதனால் எனக்கு வீட்டில் 'சண்டைக்காரி' என்று பெயர். வைத்தவர் என் அண்ணன்.

அண்ணன் ஒரு துணி ஆலையில் தையல் மெஷின் மெக்கானிக். இருநூறு மெஷின் அவர் பொறுப்பு. எதில் எந்த ஸ்க்ரூ எவ்வளவு இறுக்கம் என்பது அவர் விரலில் இருக்கிறது என்று அவரே சொல்லிக்கொள்வார். மற்றவர்களும் சொல்வார்கள் என்பதுதான் அதில் தாங்க முடியாத விஷயம். ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து விமானத்துக்குக் கைகொடுப்பார், கூடவே என் கணவரைக் கிண்டலும் அடிப்பார்.

"இன்னுமா மாப்பிள்ளை முடிவு பண்ணல?" என்பார்.

"நெருங்கிட்டேன் மச்சான்" என்பார் இவர். கையில் ஒரு நோட்டு. அதில் கட்டம் கட்டமாக மூன்று விதமான ரெஞ்சுகள். ஒன்று, அளவு வந்ததும் 'டக்'கென்று சத்தம் போடும். இன்னொன்றில் சின்னத் திரை இருக்கும், விளக்கு எரியும், 'பீப்' என்று கத்தும். மூன்றாவது வெறும் கம்பியும் முள்ளும். சத்தமும் கிடையாது, விளக்கும் கிடையாது. ஒரு வாரம் டக் ஜெயிக்கும். மறு வாரம் பீப் ஜெயிக்கும். முள்ளை அவர் நோட்டின் ஓரத்தில் ஒப்புக்கு எழுதி வைத்திருந்தார்.

விஷயம் இவ்வளவு பெரிதாகக் காரணம் இருக்கிறது. இரண்டு இருக்கைகளையும் பெல்ட்டுகளையும் விமானத்தின் உடம்போடு பிடித்துக்கொண்டிருப்பவை, அடியில் இருக்கும் நாற்பத்து நாலு போல்ட்டுகள். பக்கத்துக்கு இருபத்திரண்டு. ஒவ்வொன்றும் ஒரு பென்சில் பருமன்கூட இல்லை. தளர்வாக இருந்தால் ஆடி ஆடித் தேயும். ரொம்ப முறுக்கினால் இரும்பு உள்ளுக்குள் இழுபட்டு, பார்க்க நன்றாக இருந்துகொண்டே ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். எல்லாம் சரியானதும் மேலே தகட்டை வைத்து ரிவெட் அடித்து மூடிவிட வேண்டும். மூடினால் மூடினதுதான், அப்புறம் யாரும் பார்க்க முடியாது.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அந்த அளவு எவ்வளவு என்று அண்ணனுக்கு இவர் செய்து காட்டினார். நீளமான ஸ்பேனர் ஒன்றை அண்ணன் கையில் கொடுத்து, நட்டைக் கவ்வும் முனையிலிருந்து ஒரு சாணும் நாலு விரலும் தள்ளி, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டார்.

"இவ்வளவு பாரம்தான் மச்சான். நட்டுக்குள்ள ஒரு நைலான் வளையம் இருக்கு. அதனால சும்மா சுத்தவே கொஞ்சம் அடம் பிடிக்கும். அந்த அடத்தையும் அளந்து இதோட கூட்டிக்கணும். புத்தகக் கணக்குல பாட்டில் இருபத்தஞ்சு, அடம் அஞ்சு, மொத்தம் முப்பது."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு பாட்டிலின் பாரத்தைக் கொஞ்ச நேரம் அனுபவித்தார். "இதுக்கா மூணு மாசம்? இது என் கைக்கு வந்தாச்சு" என்றார். நான் குழம்பை ஊற்றிவிட்டு அவர்கள் இரண்டு பேரையும் பாட்டிலை எடுக்கச் சொன்னேன்.

அடுத்த வாரம் இவர் பரீட்சை மேற்பார்வைக்கு மூன்று நாள் வெளியூர் போனார். எனக்கு மூன்று நாளும் பகல் ஷிப்ட். கராஜ் சாவி ஒன்று அண்ணனிடம் எப்போதும் இருக்கும். இவர் திரும்பி வந்து பெட்டியைக்கூட இறக்காமல் கராஜுக்குள் போனார். போனவர் வெளியே வரவே இல்லை. நான் போய்ப் பார்த்தேன். விமானத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

நாற்பத்து நாலு போல்ட்டும் இறுக்கப்பட்டிருந்தன. போதாததற்கு, ஒவ்வொன்றிலும் நட்டின் மேலிருந்து தகடு வரை ஒரு சிவப்புக் கோடு. அளந்து இறுக்கியாகிவிட்டது, இனி யாரும் தொடாதே என்பதற்காக இந்த வேலையில் அப்படிக் கோடு போடுவார்கள். நட்டு பின்னால் கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும். புத்தகத்தில் படம் போட்டிருந்ததை அண்ணன் பார்த்திருக்கிறார். கோடு போட்டது என் நகப்பூச்சால். தக்காளிச் சிவப்பு, ஒரே ஒரு தடவை போட்டது. பாட்டில் காலியாகி விமானத்துப் பக்கத்தில் கிடந்தது.

"அளக்காமலே கோடு போட்டிருக்காரே" என்றேன்.

"கை சரியாத்தான் இருக்கும்" என்றார் இவர். "மூணு நாள் வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து செஞ்சிருக்கார். என்ன மனுஷன் பாரு. ஞாயித்துக்கிழமை தகடு போட்டு மூடிடலாம்."

"அளந்துட்டு மூடலாம்."

"மச்சான் மனசு கஷ்டப்படும்."

எனக்கு வந்ததே கோபம். மூன்று மாதம் என் தலையைத் தின்றது எதற்கு? டக்கா பீப்பா என்று சோற்றுக்கு நடுவில் என்னைக் கேட்டது எதற்கு? இப்போது மச்சான் மனசுக்காக என்னை எதன் மேல் உட்கார வைத்து ஆகாயத்துக்குக் கொண்டு போகப்போகிறார்?

"நல்லாக் கேட்டுக்கோங்க" என்றேன். "அளக்காம மூடினீங்கன்னா வலது சீட்டுல உங்க நோட்டை உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போங்க. நான் வர மாட்டேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் டயம் தர்றேன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் வராவிட்டால் அந்த விமானம் அவருக்கு எதற்கும் ஆகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். ஆனால் அவர் கையைப் பிசைந்துகொண்டே நின்றார். டக்குக்கும் பீப்புக்கும் நடுவில் மாட்டியிருந்தவர் இப்போது எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். இவரை நம்பினால் காரியம் ஆகாது என்று சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் நானே கருவிக் கடைக்குப் போனேன்.

"எதுக்கு மேடம், பைக்கா காரா?" என்றார் கடைக்காரர்.

"ஏரோப்ளேன்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் மூன்றையும் எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் பரப்பினார். டக்கை இழுத்துக் காட்டினார், பீப்பைக் கத்த வைத்தார். அது கத்தியது நன்றாகத்தான் இருந்தது.

"இது பொய் சொன்னா எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"பொய்யெல்லாம் சொல்லாது மேடம். கம்பெனி ஐட்டம்."

"எங்க லேப்ல இருக்கறதும் கம்பெனி ஐட்டம்தான். வாரத்துக்கு ஒண்ணு பொய் சொல்லுது."

கடைக்காரர் யோசித்தார். நல்ல மனிதர், உண்மையைச் சொன்னார். "டக்குன்னு சத்தம் போடறதுக்கு உள்ளே ஒரு ஸ்ப்ரிங் இருக்கு. அது தளர்ந்தா வெளியே தெரியாது, அப்பப்ப அனுப்பி சரிபார்க்கணும். இந்தத் திரைக்காரனும் அப்படித்தான், பேட்டரி வேற. இது மட்டும்தான்..." என்று மூன்றாவதைத் தொட்டார். "இதுல கெட்டுப்போக என்ன இருக்கு? கம்பி வளையும், முள்ளு வளையாது. சும்மா இருக்கறப்ப முள்ளு பூஜ்யத்துல நின்னா சரி. நிக்கலன்னா தப்பு. கண்ணுக்கு நேராத் தெரிஞ்சுடும்."

"நட்டு சும்மா சுத்தறப்ப எவ்வளவு அடம் பிடிக்குதுன்னும் இதுல தெரியுமா?"

"முள்ளுதான் கூடவே நகருமே, தெரியும். மத்தது ரெண்டுல டக்கு மட்டும் சொல்லவே சொல்லாது."

எட்டு நிமிடம். வண்டியை நிறுத்திய இடத்தில் நிழல்கூட நகரவில்லை. வீட்டுக்கு வந்து மேஜைமேல் வைத்தபோது என் கணவர், தன் மூன்று மாதத்தை யாரோ திருடிக்கொண்டு போன மாதிரி பார்த்தார். நோட்டின் ஓரத்தில் இருந்த முள்ளுக்கு இப்போது ஒரு பெரிய கட்டம் போட்டுக்கொண்டார், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். மூடும் நாள் என்று புதுச்சட்டை வேறு. ரெஞ்சைப் பார்த்ததும் நின்றார்.

"இது யாருக்கு?" என்றார்.

என் கணவர் தரையில் எதையோ தேடினார். நான்தான் குட்டை உடைத்தேன். "எனக்கு. நீ இறுக்கினதை அளக்கப் போறேன்."

"என் கையை அளக்கப் போறியா?"

"மொதல்ல இந்த ரெஞ்சை அளக்கப் போறேன். அப்புறம் உன் கையை. அப்புறம் போல்ட்டை. யாருக்கும் ஓரவஞ்சனை இல்ல."

அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனாலும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு முன்னால் வந்தார்.

மேஜையில் பொருத்திய வைஸின் இரும்புத் தாடையில் ரெஞ்சைப் பிடித்தோம். சமையலறைத் தராசில் சரியாக ஒரு கிலோ வருகிற அளவுக்குப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, அளந்த இடத்தில் கட்டித் தொங்கவிட்டேன். முள் இருபத்தைந்தில் வந்து நிற்க வேண்டும் என்பது கணக்கு. ஆடி ஆடி இருபத்தைந்தில் வந்து நின்றது. பாட்டிலை எடுத்தால் பூஜ்யத்துக்குப் போனது. மூன்று தடவை செய்தேன். எனக்கு அந்த முள்ளின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

அடுத்தது அண்ணன் கை. மிச்சம் இருந்த போல்ட் ஒன்றை வைஸில் மாட்டி, ரெஞ்சின் எண்களை அவருக்குத் தெரியாதபடி துண்டால் மறைத்தேன். "பாட்டிலும் நட்டோட அடமும் சேர்ந்த அளவுன்னு உன் கை எங்க சொல்லுதோ அங்க நிறுத்து" என்றேன். அவர் இழுத்து நிறுத்தினார். துண்டுக்கு அடியில் நான் எட்டிப் பார்த்தேன். முப்பது. இன்னொரு போல்ட். இருபத்தொன்பது. இன்னொன்று. முப்பத்தொன்று.

என்னால் நம்ப முடியவில்லை. சரி, ஒப்புக்கொள்கிறேன்: பெருமையாகவும் இருந்தது. என் கணவர் துள்ளிக் குதித்தார். "நான் சொல்லல? நான் சொல்லல?" என்றார். அவரையும் இழுக்கச் சொன்னேன். முதலில் பதினெட்டு, அப்புறம் ஐம்பத்திரண்டு. மூன்றாவது தடவை அவருக்கு நான் வாய்ப்புத் தரவில்லை.

"என்ன சண்டைக்காரி, மூடலாமா?" என்றார் அண்ணன், ஆணியில் இருந்த சட்டையைத் துழாவிக்கொண்டே.

"போல்ட்டையும் பார்த்துடலாம்" என்றேன். "கை பாஸ் பண்ணிடுச்சு. கைக்குத் தெரியும், போல்ட்டுக்குத் தெரியுமா?"

அண்ணன் சட்டையை எடுக்கவில்லை. அவர் முகத்தில் எதுவோ மாறியதை நான் கவனித்தேன், ஆனால் கோபம் என்றுதான் நினைத்தேன்.

இடப் பக்கத்தில் ஆரம்பித்தோம். ரெஞ்சை நட்டில் மாட்டி, இன்னும் இறுக்குகிற பக்கமாகவே மெல்ல இழுக்க வேண்டும். நட்டு நகர்கிற நொடியில் முள் எங்கே நிற்கிறதோ, கிட்டத்தட்ட அதுதான் ஏற்கெனவே இருந்த இறுக்கம். என் நகப்பூச்சுக்கு ஒரு உபயோகம் கிடைத்தது: நகர்ந்த நொடியில் கோடு விண்டுபோகும். முதல் நட்டு, முப்பத்திரண்டு. இரண்டாவது, முப்பது. வரிசையாக ஐந்து பார்த்தோம், ஐந்தும் முத்து முத்தாக இருந்தன. என் கணவர் ஒவ்வொன்றுக்கும் அண்ணனைப் பார்த்துத் தலையாட்டினார்.

"போதும்" என்றார் அண்ணன். "பசிக்குது. சாப்பிட்டு மூடலாம்."

காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். எனக்குத் தெரியும். நான் வலப் பக்கத்துக்குப் போனேன்.

முதல் நட்டு நகரவில்லை. முப்பதைத் தாண்டியது முள். நாற்பதைத் தாண்டியது. என் மணிக்கட்டு நோக ஆரம்பித்தது. அறுபத்தைந்தில் சிவப்புக் கோடு விண்டது. இரண்டாவது நட்டு, அறுபத்து மூன்று. மூன்றாவது, அறுபத்தெட்டு. புத்தகம் சொல்வதைப்போல் இரண்டு பங்கு. இருபத்திரண்டையும் பார்த்தேன். இருபத்திரண்டும் அப்படித்தான்.

"மச்சான்" என்றார் என் கணவர் கடைசியில், ரொம்ப மெதுவாக. "வலது பக்கம் என்னாச்சு?"

அண்ணன் வைஸின் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை.

"அவ உக்கார்ற இடம்" என்றார். "பாட்டில் அளவு வந்துச்சு. வந்தது தெரிஞ்சுது. நிறுத்த முடியல. இன்னும் கொஞ்சம்னு தோணுச்சு. ஒவ்வொண்ணுக்கும் தோணுச்சு."

இருநூறு மெஷினைக் கட்டி மேய்க்கிற மனிதர். அளவுக்கு மேல் முறுக்கினால் ஸ்க்ரூ என்ன ஆகும் என்று எத்தனை பையன்களைத் திட்டியிருப்பார். எனக்குத் திட்ட வேண்டும்போல் இருந்தது. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்று திறக்கவில்லை. இந்த மனிதர் என் பிறந்தநாளைக்கூட ஒரு வருடம் நினைவு வைத்ததில்லை.

"அப்ப என் பக்கம்?" என்றார் என் கணவர்.

"உங்களுக்கு என்ன மாப்பிள்ளை? புத்தகத்துல போட்டிருக்கற அளவு போட்டேன்."

"ஒரு கால் திருப்பு கூடவா எனக்காகத் தோணல?"

"தோணலையே" என்றார் அண்ணன், நிஜமாகவே யோசித்துப் பார்த்துவிட்டு.

"நான் பொழைச்சேன்" என்றார் இவர். பிறகு ரெஞ்சை எடுத்துத் துடைத்து அண்ணன் கையில் கொடுத்தார். "இந்த முள்ளுக்குச் சொந்தபந்தம் கிடையாது மச்சான். அதான் இது வேணும். சொந்தபந்தம்னு ஒரு கட்டமே என் நோட்டுல இல்லாமப் போச்சு."

வலப் பக்கத்து இருபத்திரண்டையும் கழற்றினோம். ஒரு தடவை அப்படி இழுபட்டவற்றை மறுபடி போடக் கூடாது என்று ஒவ்வொன்றின் திருகுப் புரியிலும் ரம்பத்தால் ஒரு வெட்டு வெட்டிக் குப்பையில் போட்டார் என் கணவர். பெட்டியில் உபரியாக இருந்த புது போல்ட்டுகள் வந்தன. "நீங்களே பூட்டிடுங்க மாப்பிள்ளை" என்றார் அண்ணன். "பதினெட்டுக்கும் அம்பத்திரண்டுக்கும் நடுவுல என்னை உக்கார வைக்காதே அண்ணே" என்றேன் நான். "நீதான் பூட்டணும்."

அண்ணன் உள்ளே குனிந்தார். நான் எதிர்ப் பக்கத்திலிருந்து முள்ளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். பத்து. இருபது. இருபத்தைந்து.

"முப்பது" என்றேன்.

நிறுத்தினார். கை மட்டும் ரெஞ்சை விட்டு வரவில்லை. புறங்கை நரம்பு புடைத்திருந்தது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"மனசு கேக்கலம்மா."

"முள்ளைப் பாரு அண்ணே."

அவர் முள்ளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "விழுந்துட்டா?" என்றார்.

நாலு வருடத்தில் அந்தக் கராஜில் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. என் கணவர் சொன்னதில்லை, நான் சொன்னதில்லை, தெருக்காரர்கள்கூட எங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. எனக்கும் அதே பயம்தான் என்று அண்ணனிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தக் கை இன்னும் ஒரு இழுப்பு இழுத்துவிடும்.

"நீ இங்க நிறுத்தினா நான் ஏறுவேன்" என்றேன்.

அண்ணன் மூச்சை விட்டார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ரெஞ்சிலிருந்து கையை எடுத்தார்.